அப்பாவின் ஜோக்குக்குச் சிரிக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மலம் வந்து சேர வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். கீமோவில் நான்காவது சைக்கிள், அதாவது நான்காவது சுற்று. அந்தப் பைக்கு அவர் 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறார். "எப்போ சத்தம் போடுவார்னு யாருக்குத் தெரியும்?" என்று காரணமும் சொல்கிறார். நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். பிறகு தனியாகப் போய், இதுக்குப் போய் சிரிச்சோமே என்று நொந்துகொள்கிறீர்கள். தம்பி இப்போது அப்பாவோடு சேர்ந்து கிண்டலடிக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா மட்டும் மேனேஜர் பேச்சு வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார். அடுத்த வாரம் ஸ்கேன். இப்படிச் சிரிக்கலாமா, இதனால் ஏதாவது நல்லது உண்டா, எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிரிக்கலாம், தாராளமாக. திருப்பிக் கிண்டல் செய்வது பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அம்மா எழுந்து போவதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கீமோ டே கேரில், அதாவது மருந்து ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் பிரிவில், 17 வருடம் நர்ஸாக இருந்தவள். பிறகு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது 2 வருடம் அவளுக்கு அட்டெண்டர். ஊசியும் கையுமாக நின்ற காலத்தில் நோயாளிகள் அடித்த ஜோக்கையெல்லாம் 'எவ்வளவு தைரியம்' என்று ரசித்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவேன். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான், எல்லாமே தைரியம் இல்லை, ஒவ்வொரு ஜோக்கும் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது.

மேனேஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கிவைப்பதற்கு நமக்கெல்லாம் ஆசனவாயில் தசை இருக்கிறது. ஸ்டோமாவுக்கு, அதாவது குடலை வெளியே திறந்துவிட வயிற்றில் போடும் துளைக்கு, அது கிடையாது. காற்று எப்போது பிரியும் என்பது உங்கள் அப்பாவின் கையில் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது வயிற்றிலிருந்து சத்தம் வருகிறது. எல்லோரும் ஒரு நொடி காதில் விழாத மாதிரி சுவரைப் பார்க்கிறார்கள். நோயாளிகள் பலர் என்னிடம் சொன்னது அந்த ஒரு நொடியைப் பற்றித்தான். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சுவர் பார்க்கும் முகங்களைத் தாங்க முடியவில்லை என்பார்கள். உங்கள் அப்பா அந்த நொடியை மற்றவர்கள் கையில் கொடுப்பதில்லை. "மேனேஜர் வந்துட்டாரு, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்று முந்திக்கொள்கிறார். இனி யாரும் நடிக்க வேண்டியதில்லை. ஸ்டோமா வைத்தவர்கள் அதற்குப் பெயர் வைப்பது பல நாடுகளிலும் உள்ள பழக்கம்தான். உங்கள் அப்பா ஒன்றும் விநோதமாகச் செய்யவில்லை. உடம்பில் மற்ற எல்லாவற்றையும் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். பெயர் மட்டும் அவர் வைத்தது.

நல்லது உண்டா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். சிரிப்பால் புற்றுநோய் குறையாது. 'சிரித்தே நோயை விரட்டிய மனிதர்' என்று உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரின் கதை அது. 1964இல் நோய்வாய்ப்பட்ட அவர், 10 நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் 2 மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவருக்கு வந்தது முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கும் நோய், புற்றுநோயே இல்லை. கூடவே வைட்டமின் சியையும் ஏகப்பட்ட அளவில் ஏற்றிக்கொண்டார். இந்த இரண்டையும் சொல்லாமல்தான் அந்தக் கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது.

வலி விஷயத்தில் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக வாய்விட்டுச் சிரித்த பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளையில் சுரந்து வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. அதில் கலந்துகொண்டவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர், தனியாக இருப்பதைவிடக் கூட ஆள் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். எனக்கு இந்த எண் முக்கியம். அப்பா ஜோக் அடிக்க உங்கள் முகம் தேவைப்படுகிறது. நீங்கள் சிரிக்காமல் பரிதாபமாகப் பார்த்தால், அவரைத் திரும்பவும் பெட்டில் படுக்கவைத்த மாதிரிதான்.

டே கேரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். ஏழெட்டு சைக்கிளில் கை நரம்பெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. ஒருநாள் இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை. என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது இடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க தேடுற நரம்பு போன மாசமே டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிடுச்சு." எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வெந்நீர்ப் பையை வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, நிதானமாகக் குத்தினேன், கிடைத்தது. வேலை செய்தது வெந்நீர்ப் பைதான். ஆனால் அன்று யார் யாரைத் தேற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஃப்ராய்ட் 1927இல் நகைச்சுவை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கைதியைத் திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்குக் கூட்டிப்போகிறார்கள். 'வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது' என்கிறான் கைதி. இப்படிச் சொல்லும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம்: நமக்குள்ளேயே ஒரு பெரியவர் இருக்கிறார்; பயந்துபோன குழந்தையிடம் பேசுவது போல, 'இவ்வளவுதானா, இது விளையாட்டு மாதிரி' என்று நம்மிடம் அவர் பேசுகிறார். ஏதோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். 1923லேயே அவருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டுபிடித்திருந்தார்கள். 1939இல் இறப்பதற்குள் 30க்கும் மேற்பட்ட முறை அறுத்தார்கள். உங்கள் அப்பாவும் மேனேஜர் ஜோக்கை உங்களுக்காக மட்டும் சொல்வதில்லை. அவருக்குள் ஒரு அப்பா அவரையே தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது தம்பி விஷயம்.

அக்காவுக்கு முதல் கீமோ போட்டு மூன்றாவது வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. அது கணக்குத் தவறாமல் இரண்டு மூன்று வாரத்தில் வரும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். தலையணையில் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வாயடைத்துவிட்டது. அக்கா சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, இதுக்கு வேற நல்ல எடமாப் பாரு. இங்க வேலை இல்லை." இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மறுவாரம் பார்க்க வந்த உறவினர் ஒருவருக்கு இதை நானே பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவர் உள்ளே போய், "என்னம்மா, சீப்புக்கு வேற வேலை கெடைச்சுதா?" என்றார். அக்கா அதன்பிறகு அன்று முழுவதும் பேசவில்லை. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். ஜோக் ஒன்றுதான், ஒரு சொல்கூட மாறவில்லை. அவள் வாயிலிருந்து வந்தபோது சீப்புதான் பாவம். அவர் வாயிலிருந்து வந்தபோது அவள் பாவம் ஆகிவிட்டாள்.

அதனால் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். அப்பா ஆரம்பித்தால் கூடப் போகலாம்; அப்பா போன தூரம்வரை போகலாம், அதைத் தாண்ட வேண்டாம். அவர் பையைக் கிண்டல் செய்தால் நீங்களும் பையைக் கிண்டல் செய்யலாம், அவருடைய நடையையோ மெலிந்த உடம்பையோ அல்ல. நேற்று ஓடிய ஜோக் இன்று ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. கீமோ போட்ட இரண்டாம் நாளும் பத்தாம் நாளும் ஒரே மனிதரிடம் பேசுகிறோம் என்று நினைக்கவே கூடாது.

'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற 621ஆம் குறளை நோயாளியிடம் போய் ஒப்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வள்ளுவர் இடுக்கண் வந்தவனைப் பார்த்துச் சொன்னது அது. பக்கத்தில் நிற்கிறவன் அதை எடுத்துக் கட்டளையாகப் போட முடியாது. புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்று ஒரு துறையே உருவாகக் காரணமான ஜிம்மி ஹாலந்து என்ற மனநல மருத்துவர், 'நேர்மறை எண்ணத்தின் கொடுங்கோல்' என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், அழுதால் நோய் கூடிவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் சுமத்தும் பாரத்தைத்தான் அப்படிச் சொன்னார். உங்கள் அப்பா சிரிக்க வைக்கிறார் என்பதற்காக அவர் தினமும் சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. வீட்டில் ஒருநாள் 'என்னப்பா, இன்னைக்கு மேனேஜர் லீவா?' என்று நீங்கள் கேட்டுவிட்டால், அவர் சோர்ந்து படுக்கும் உரிமையும் போய்விடும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. சில ஜோக்குகள் கேள்விகள். செருப்பு வாங்கப் போன ஒருவர் மகனிடம், "ரொம்ப நாள் உழைக்கிறதா வேண்டாம்ப்பா, ஆறு மாசம் வந்தாப் போதும்" என்று சொன்னாராம். மகன் பதறி, "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்று வாயை அடைத்துவிட்டார். வேறொரு மகனாக இருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பார். அவர் கேட்டது 'எனக்கு எவ்வளவு நாள் இருக்கிறது, உனக்குத் தெரியுமா?' என்பது. இரண்டு பதிலிலும் அது காற்றோடு போயிருக்கும். இப்படி ஏதாவது வந்தால் முதலில் லேசாகச் சிரித்துவிடுங்கள், ஜோக்குக்கு அந்த மரியாதை உண்டு. பிறகு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருங்கள். அவர் பேச்சை மாற்றாவிட்டால், "அது மனசுல ஓடிட்டே இருக்காப்பா?" என்று மட்டும் கேளுங்கள். ஓடவில்லை என்பார், அல்லது பேசுவார். எதுவானாலும் கதவைத் திறந்துவைத்துவிட்டீர்கள்.

ஜோக் அடிக்கும் நோயாளிகளிடம் நர்ஸாக எனக்கு இருந்த ஒரே பயம் வேறு. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து "எப்படி இருக்கீங்க?" என்றால், "உங்களைவிட நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்கள். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, விரல் நுனியெல்லாம் மரத்துப்போவது, எல்லாம் பேசப்படாமலே நின்றுவிடும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி நீங்கள் கையில் வைத்திருங்கள். சில கீமோ மருந்துகளில் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே கையில் ஊசி குத்துவது போலிருக்கும். அதை அவர் 'ஷாக் டிரீட்மெண்ட்' என்று ஜோக்காகச் சொன்னாலும் நீங்கள் அதை நோட்டில் ஜோக்காக எழுத வேண்டாம். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. 'சும்மா உடம்பு சூடா இருக்கு, மேனேஜர் கோவத்துல இருக்காரு' என்று அவர் சொல்லும் அந்த ஒரு நேரத்தில் யாரும் சிரிக்காதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று மணிக்கணக்கில் முற்றிவிடும்.

சின்ன விஷயம், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் என்பதால் சொல்கிறேன். சிரிக்கும்போது தையல் போட்ட இடம் வலித்தால் ஒரு சிறிய தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருமலுக்கும் அதேதான். எங்கள் வார்டில் ஒருவர் யாராவது பேச வாயெடுத்தாலே தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

எனக்கே சறுக்கியதுண்டு. வாராவாரம் வரும் ஒருவர், நன்றாகக் கலகலப்பாகப் பேசுவார். ஒருநாள் உம்மென்று உட்கார்ந்திருந்தார். நான் கையுறையை மாட்டிக்கொண்டே, "என்ன சார், முகம் இன்னைக்கு பரீட்சையில ஃபெயில் ஆன மாதிரி இருக்கு?" என்றேன். பத்து நிமிடம் முன்னால்தான் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கியிருக்கிறார், கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "ஆமாம்மா, ஃபெயில்தான்" என்றார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன் என்று நம்புகிறேன். அன்றிலிருந்து, ஆளின் முகத்தையும் அன்றைய ரிப்போர்ட்டையும் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. பழக்கப்பட்டவர் என்ற தைரியம்தான் நம்மைக் கவிழ்ப்பது.

இனி உங்கள் குற்றவுணர்ச்சி. அட்டெண்டர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு வராந்தாவில் இருக்கும் நாற்காலிகளில் அது நடக்கும். "முப்பது வருஷமா கல்யாண நாளை ஞாபகம் வெச்சுக்காத மனுஷன், இப்போ வாந்தி மாத்திரைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டானா கூப்பிட்டுக் கேக்கறாரு" என்று ஒரு அம்மா சொல்ல, அடுத்த நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத பெண் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் கறுப்பான, சாவையே கிண்டல் செய்யும் ஜோக்குகளையும் கேட்டிருக்கிறேன், அவற்றை எழுத மாட்டேன். கணவர்மேல் அன்பில்லாமல் பேசுகிற பேச்சு அல்ல அது. மறுநாள் காலை முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பவும் உள்ளே போக அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

எங்கே சொல்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். சூசன் சில்க் என்ற உளவியலாளரும் பாரி கோல்ட்மன் என்பவரும் 2013இல் ஒரு அமெரிக்க நாளிதழில் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். நடுவில் நோயாளி, சுற்றி வட்டம் வட்டமாக மனைவி, பிள்ளைகள், நண்பர்கள், தெரிந்தவர்கள். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டும் போக வேண்டும். புலம்பலும் எரிச்சலும் வெளிவட்டத்தை நோக்கிப் போக வேண்டும். கறுப்பு ஜோக்கும் அப்படித்தான் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா எந்தப் பக்கமும் ஜோக் அடிக்கலாம். நீங்கள் உங்கள் நண்பரிடம் அடிக்கலாம். அம்மாவிடம் அடிக்கக் கூடாது.

சிரிப்பு எப்போது கவலைக்குரியது? ரோட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2003இல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, மற்றவர்கள் சிரிப்பதற்காகத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. 'மேனேஜர் கத்துறாரு' என்பது வேறு. 'நான் இப்போ வீட்டுக்கு ஒரு வேஸ்ட் லக்கேஜ்' என்பது வேறு. இரண்டாவது வகை அடிக்கடி வந்தால், அல்லது ஓயாமல் பேசியவர் இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, யாரையும் பார்க்க விரும்பாமல் இருந்தால், அவருடைய டாக்டரிடம் மனச்சோர்வு என்ற சொல்லைச் சொல்லியே பேசுங்கள். அதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. ஜோக் சொல்லித் தேற்றும் கட்டம் அது இல்லை.

கடைசியாக அம்மா. கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன், தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். மேனேஜரைத் தினமும் கழற்றி, சுத்தம் செய்து, தோல் புண்ணாகாமல் துடைத்து, புதுப் பை ஒட்டுவது யார்? நடுராத்திரி ஒட்டு விட்டுப்போய் ஒழுகினால் விளக்கைப் போட்டு விரிப்பை மாற்றுவது யார்? அம்மாவாக இருந்தால், கூடத்தில் எல்லோரும் சிரிக்கும் அந்த ஜோக்கின் இன்னொரு பாதி அவர் கையில் இருக்கிறது. உங்களுக்கு மேனேஜர் ஒரு பெயர், அவருக்கு ராத்திரி இரண்டு மணி. அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றோ, அப்பாவைப் புரிந்துகொள்ளவில்லை என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். சிரிக்கச் சொல்லியும் கெஞ்ச வேண்டாம். பை மாற்றுவதை ஸ்டோமா நர்ஸிடம் நீங்களும் தம்பியும் கற்றுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கூச்சப்படுவார், முதல் தடவை ஏதாவது ஜோக் அடித்துச் சமாளிப்பார். அதற்கு நீங்கள் சிரிக்கலாம், கை மட்டும் பையில் இருக்கட்டும்.

ஸ்கேனுக்குப் போகும் அன்று வழியில் அவர் நிறையப் பேசுவார், பெரும்பாலும் அப்படித்தான். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். பின்சீட்டில் அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.